பாறை மேல் ஒரு கோயில், மணல் மேல் ஒரு கோயில்

நில அதிர்வு ஒரு ஊரை எட்டும்போது அந்த ஊர் முழுவதும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. அதிர்வு எவ்வளவு பெரியது, எவ்வளவு தொலைவில் பிறந்தது என்பதைப் பொறுத்து வந்து சேரும் அலையின் வலு அமைகிறது. ஆனால் கட்டடத்தின் கடைக்காலைத் தொடுவதற்கு முன் அந்த அலை கடைசியாகக் கடந்துவரும் சில பத்து மீட்டர் மண், அதன் உருவத்தையே மாற்றிவிடும். கடும்பாறையில் சட்டென்று வந்து ஓய்ந்துவிடும் குலுக்கல், தளர்ந்த வண்டலில் பல மடங்கு பெருகி நெடுநேரம் நீடிக்கும். ஒரு தெருவில் சுவரில் கீறலோடு தப்பிய வீடுகளும், சற்றுத் தள்ளி இன்னொரு தெருவில் தரைமட்டமான வீடுகளும் இருப்பதற்குக் கட்டுமானத் தரத்துக்கு அடுத்த பெரிய காரணம் இந்த மண்தான்.

தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டை வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய ஊர் திருச்சிராப்பள்ளி. நகரின் நடுவே 83 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் மலைக்கோட்டை ஒரே பாறை. அதன் உச்சியில் பிள்ளையார் கோயில். அங்கிருந்து வடக்கே பார்த்தால் காவிரி, அதற்கு அப்பால் தென்னைகளின் தலைக்கு மேல் ஸ்ரீரங்கத்தின் கோபுரங்கள், அவற்றுக்கும் பின்னால் கொள்ளிடம். மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, கிழக்கே கல்லணைப் பக்கம் மீண்டும் நெருங்குகிறது. இடையில் கிடக்கும் தீவு முழுவதும் ஆறு கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும் களிமண்ணும். பாறை மேல் ஒரு கோயில், மணல் மேல் ஒரு கோயில். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

மலைக்கோட்டை தனித்து நிற்கும் குன்றல்ல. பொன்மலை, உய்யக்கொண்டான் திருமலை, எறும்பீஸ்வரர் கோயில் அமைந்த திருவெறும்பூர்க் குன்று, கொள்ளிடத்துக்கு வடக்கே திருவெள்ளறை என நகரைச் சுற்றி நெடுகிலும் பழம்பாறை தலைகாட்டுகிறது. நைஸ், சார்னோகைட் வகையைச் சேர்ந்த இந்தப் பாறைகள் பூமியின் மிகத் தொன்மையான ஆர்க்கியன் காலத்தவை. வடகிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் நிலை மாறும். அங்கே கிரெட்டேசியஸ் காலக் கடல் விட்டுச்சென்ற படிவப் பாறைகள் கிடக்கின்றன. அவற்றில் ஒரு தொகுதிக்கு நிலவியல் நூல்களில் திருச்சிராப்பள்ளியின் பெயரே இடப்பட்டிருக்கிறது. ஆக, ஒரு மாவட்டத்தைச் சுற்றி வருவதற்குள் கடும்பாறை, படிவப்பாறை, ஆற்று வண்டல் என மூன்று வகைத் தரையிலும் கால்பட்டுவிடும்.

அலை மெதுவாகும் இடம்

நில அதிர்வில் கட்டடங்களை வீழ்த்துவது பெரும்பாலும் பக்கவாட்டில் ஆட்டும் குறுக்கலை. கடினமான பாறையில் இது வினாடிக்கு 760 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. இறுகிய மணலில் 200, 300 மீட்டராகக் குறைகிறது. நெகிழ்ந்த களிமண்ணில் 180 மீட்டருக்கும் கீழே போய்விடும். வேகம் குறைந்தாலும் அலை சுமந்துவரும் ஆற்றல் அப்படியே இருக்கிறது. அதனால் அலையின் வீச்சு கூடுகிறது, தரை அதிக தூரம் இங்கும் அங்கும் போய்வருகிறது. போதாக்குறைக்கு, மேலே தரைப்பரப்புக்கும் கீழே பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அலை திரும்பத் திரும்ப எதிரொலிப்பதால் குலுக்கலின் கால அளவும் நீள்கிறது.

இதைவிட முக்கியமானது ஒத்ததிர்வு. ஒவ்வொரு மண் அடுக்குக்கும் தனக்கென்று ஒரு ஆட்டக் காலம் உண்டு. அடுக்கின் தடிமனை நான்கால் பெருக்கி, அதில் குறுக்கலை போகும் வேகத்தால் வகுத்தால் அந்தக் காலம் கிடைக்கும். உதாரணமாக 30 மீட்டர் தடிமன் கொண்ட வண்டலில் அலை வினாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனால், அந்த மண்ணின் ஆட்டக் காலம் அரை வினாடி. கட்டடத்துக்கும் இப்படி ஒரு காலம் இருக்கிறது. நெருக்கமான சுவர்கள் இல்லாத, 15 மீட்டர் உயரமுள்ள ஐந்து மாடி கான்கிரீட் சட்டகத்துக்கு இந்தியத் தர விதி தரும் சூத்திரப்படி அது 0.57 வினாடி. இரண்டும் நெருங்கி வந்தால், ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளுவதைப் போல ஒவ்வொரு குலுக்கலும் முந்தையதோடு சேர்ந்துகொள்ளும். தரைத்தளத்தைத் தூண்களில் நிறுத்தி கார் நிறுத்த விட்டுவிட்டு, மேலே நான்கு மாடி எழுப்பும் அடுக்குமாடி வீடுகள் இன்று ஆற்றங்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் முளைத்திருக்கின்றன. இந்தக் கணக்கு குறிப்பாக அவற்றுக்குப் பொருந்துகிறது என்பதே கவலை தருவது.

பாறைதான் எப்போதும் பத்திரம் என்று முடிவுகட்டவும் கூடாது. குன்றின் உச்சியும் கூரிய முகடும் அலையைக் குவித்து வாங்கும். 1971 சான் பெர்னாண்டோ அதிர்வின்போது கலிபோர்னியாவின் பகோய்மா அணைக்கு அருகே ஒரு பாறை முகட்டில் இருந்த கருவி, புவியீர்ப்பு முடுக்கத்தையே மிஞ்சிய அளவைப் பதிவு செய்தது. மலைக்கோட்டையின் அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இந்த வகையில் வேறுபாடு இருக்கும். சரிவில் தளர்ந்து நிற்கும் பாறைத் துண்டுகள், அவற்றின் கீழே நெருக்கியடித்துக் கட்டிய வீடுகள் என்பது தனிச் சிக்கல்.

அகமதாபாத் இரண்டு முறை

பாறையில் கட்டியது நிற்கும், மண்ணில் கட்டியது விழும் என்பதை இந்தியாவில் முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் கேப்டன் மக்மர்டோ. 1819 ஜூன் 16 அன்று கட்ச் பகுதியை உலுக்கிய பேரதிர்வை நேரில் ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை 1824-ல் அச்சானது. பாறை மேல் எழுப்பிய கட்டடங்களைவிட, மண்ணின் அடிவரை கடைக்கால் போகாத கட்டடங்களே அதிகம் பாதிக்கப்பட்டன என்று அவர் குறித்தார். நில அதிர்வுப் பொறியியல் என்று ஒரு துறை உருவாவதற்கு வெகு காலம் முன்பே வந்த அந்தக் குறிப்பு, இன்றும் பாடநூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது.

அதே அதிர்வில், மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருந்த அகமதாபாதில் ஜும்மா மசூதியின் உயர்ந்த மினார்கள் இடிந்து விழுந்தன. 182 ஆண்டுகள் கழித்து, 2001 ஜனவரி 26 அன்று புஜ் அருகே மீண்டும் பேரதிர்வு. இரண்டாம் முறையும் சபர்மதி ஆற்றின் வண்டல் மேல் இருந்த அகமதாபாத் அடிவாங்கியது. மையத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தும், அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் வரிசையாகச் சரிந்து 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். விழுந்தவற்றில் பல, தரைத்தளத்தை வாகனங்களுக்காகத் திறந்துவிட்ட, நான்கைந்து மாடிக் கான்கிரீட் வீடுகள். அவற்றின் கட்டுமானக் குறைகள் பெரியவை. அந்தக் குறைகளைத் தேடிப்பிடித்துத் தாக்கியது ஆற்று மண். திருச்சியில் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பாடம், 1985-ல் அதிர்ந்த மெக்சிகோவைக் காட்டிலும் அகமதாபாதில்தான் இருக்கிறது என்று சொல்லலாம்.

மெக்சிகோவின் கதை இன்னும் கூர்மையானது என்பதும் உண்மை. 1985 செப்டம்பர் 19 அன்று பசிபிக் கரையோரம், தலைநகரிலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் 8.0 அளவில் நிலம் அதிர்ந்தது. வற்றவைத்த டெக்ஸ்கோகோ ஏரியின் களிமண் மேல் கட்டப்பட்ட நகர மையத்தில், பக்கத்துக் கடினத்தரையில் பதிவானதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு முடுக்கம் பதிவானது. அந்தக் களிமண்ணின் ஆட்டக் காலம் இரண்டு வினாடி. அதற்கு நெருங்கிய காலம் கொண்ட ஆறு முதல் பதினைந்து மாடி வரையிலான கட்டடங்கள் மிக மோசமாகச் சிதைய, அருகிலேயே இருந்த தாழ்ந்த பழைய வீடுகள் பல தப்பின. 2015-ல் காத்மாண்டுவிலும் இதே போன்ற தேர்வு நிகழ்ந்தது. பழைய ஏரிப்படுகையான அந்தப் பள்ளத்தாக்கு நான்கைந்து வினாடிக்கு ஒருமுறை மெதுவாக அசைந்தது. பல சிறு கட்டடங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவான சேதத்தோடு நிற்க, ஏறத்தாழ 62 மீட்டர் உயர தரஹரா கோபுரம் முறிந்து விழுந்தது.

தண்ணீர் நிற்கும் மணல்

ஆற்றுத் தீவுகளுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தளர்வாகக் கிடக்கும் மணலின் துகள்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால்தான் அது சுமையைச் சுமக்கிறது. இடைவெளிகளில் நீர் நிறைந்த நிலையில் குலுக்கினால் துகள்கள் நெருங்கப் பார்க்கும். நீர் வெளியேற நேரமில்லாமல் அதன் அழுத்தம் ஏறும். அழுத்தம் துகள்களின் பிடிப்பைத் தோற்கடித்ததும் மணல் சில நிமிடங்களுக்குக் குழம்பாகிவிடுகிறது. பொறியாளர்கள் இதை மண் திரவமாதல் என்கிறார்கள். கனமான கட்டடம் சாய்ந்து புதையும். இலகுவான குழாய்களும் தொட்டிகளும் மேலே மிதந்து வரும். தரையைப் பிளந்துகொண்டு மணலும் நீரும் ஊற்றாகக் கொப்பளிக்கும்.

1934 ஜனவரி 15 பீகார்-நேபாள அதிர்வில், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கங்கைச் சமவெளி இப்படி இளகியது. அந்தப் பகுதியை ஆராய்ந்த இந்திய நிலவியல் ஆய்வுத் துறை ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தது. அங்கே வீடுகள் குலுக்கலில் நொறுங்கியதைவிடச் சாய்ந்தும் புதைந்தும் போனவையே அதிகம். முப்பது ஆண்டுகள் கழித்து ஜப்பானின் நீகாதா நகரில், ஆற்றங்கரை மணலில் நின்ற நான்கு மாடிக் குடியிருப்புகள் சுவர் உடையாமலேயே ஒருபக்கமாகச் சாய்ந்தன. ஒரு கட்டடம் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. திறந்து சில வாரங்களே ஆன ஷோவா பாலத்தின் பாகங்கள் ஆற்றில் விழுந்தன.

ஸ்ரீரங்கம் தீவில் இதற்கான மூன்று நிபந்தனைகளில் இரண்டு, அதாவது மணலும் மேலோட்டமான நிலத்தடி நீரும், கண்ணுக்கே தெரிகின்றன. திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயிலின் கருவறையில் நீர் கசிந்துகொண்டே இருப்பதால் அது பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரியதாகப் போற்றப்படுகிறது. பொறியாளரின் பார்வையில், நிலத்தடி நீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதற்கு அதைவிடப் பழைய சான்று கிடையாது. காவிரி, கொள்ளிடப் படுகைகளில் இறக்கிய கிணறுகள் திருச்சிக்கு மட்டுமல்லாமல் ராமநாதபுரம் வரை குடிநீர் அனுப்புவதும் அந்த மணலில் தேங்கியுள்ள நீரால்தான். மூன்றாவது நிபந்தனை, மணல் எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்பது. அது இடத்துக்கு இடம் மாறும். பருமனான மணலில் நீர் விரைந்து வடிந்துவிடும். நுண்மணலில் அப்படி வடியாது. களிமண் கலந்தால் கதை வேறு. நூற்றாண்டுகளாகக் கோபுரச் சுமையின் கீழ் அழுந்திய மண்ணும், நேற்றுவரை வயலாகவும் வாழைத்தோட்டமாகவும் இருந்து இன்று மனையான மண்ணும் ஒன்றல்ல. ஆகவே தீவு முழுவதும் ஆபத்து என்று சொல்வதும், ஆயிரம் ஆண்டாக நிற்கிறதே என்று ஆறுதல் கொள்வதும் ஒரே அளவுக்குத் தவறு.

மண்டலம் இரண்டு என்பதன் பொருள்

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1893 விதி 2002 முதல் நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை நான்கு நில அதிர்வு மண்டலங்களாகப் பிரித்தது. அந்த வரைபடத்தில் திருச்சி இருப்பது மிகக் குறைந்த ஆபத்துள்ள இரண்டாம் மண்டலத்தில். சென்னையும் கோயம்புத்தூரும் மூன்றாவதில். திருச்சிக்கு அருகே பேரழிவு தந்த அதிர்வு எதுவும் வரலாற்றில் பதிவாகவில்லை என்பதால் இந்த வகைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர் அருகே ஏறத்தாழ 6 அளவில் நேர்ந்த அதிர்வு தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று. தீபகற்பத்தின் பழம்பாறை அலைகளை அதிகம் உறிஞ்சாமல் நெடுந்தூரம் கடத்துவதால், தொலைவில் நேரும் மிதமான அதிர்வும் இங்கே வந்து சேரும்.

ஆனால் குறைந்த மண்டலம் என்பது உத்தரவாதம் ஆகாது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவில் நிலம் அதிர்ந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, அந்த ஊர் அன்றைய வரைபடத்தில் மிகப் பாதுகாப்பான முதல் மண்டலத்தில் இருந்தது. 2002 திருத்தத்தில் முதல் மண்டலமே நீக்கப்பட்டதற்குப் பின்னணி அதுதான்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. 2002 விதிப்படி இரண்டாம் மண்டலத்தின் காரணி 0.10, மூன்றாவதன் காரணி 0.16. ஒரு வினாடி ஆட்டக் காலம் கொண்ட கட்டடத்துக்கு, அது பாறையில் நின்றால் 1.00, நடுத்தர மண்ணில் 1.36, தளர்ந்த மண்ணில் 1.67 என்று அதே விதி பெருக்கச் சொல்கிறது. பெருக்கிப் பார்த்தால், இரண்டாம் மண்டலத்தில் தளர்மண்ணில் நிற்கும் கட்டடத்துக்கு 0.167, மூன்றாம் மண்டலத்தில் பாறையில் நிற்கும் அதே கட்டடத்துக்கு 0.160. அதாவது திருச்சியின் தளர்மண், விதியின் கண்ணிலேயே ஒரு கட்டடத்தை மூன்றாம் மண்டலத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. முன்னே சொன்ன ஐந்து மாடிச் சட்டகத்துக்கும் பாறையைவிடத் தளர்மண்ணில் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் விசை வருகிறது. ஓரிரண்டு மாடி வீடுகளின் ஆட்டக் காலம் மிகக் குறைவு என்பதால் அவற்றுக்கு விதி மண்ணை வைத்து எந்த வேறுபாடும் காட்டுவதில்லை. அது விதியின் எளிமைப்படுத்தல். மெல்லிய மண் அடுக்கு பாறை மேல் கிடக்கும் இடங்களில் குட்டையான வீடுகளே அதிகம் ஆடக்கூடும்.

கோபுரங்கள்

ஸ்ரீரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் பதின்மூன்று நிலை, 236 அடி. முற்காலத்தில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோன மொட்டைக்கோபுரத்தின் மேல் எழுப்பப்பட்டு 1987-ல் குடமுழுக்கு கண்டது. தீவிலுள்ள மற்ற கோபுரங்கள் பெரும்பாலும் பழைய முறையில் எழுந்தவை: கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். இந்தக் கட்டு அழுத்தத்தை அருமையாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. பக்கவாட்டு ஆட்டத்தில் கல்லும் செங்கல்லும் சந்திக்கும் இடமும், வாயில் திறப்புக்கு மேலுள்ள பகுதியும் முதலில் கீறல் விடும்.

நில அதிர்வே இல்லாமல் கோபுரங்கள் வீழ்ந்த அண்மைக்கால நிகழ்வுகள் எச்சரிக்கையாக இருக்கின்றன. கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம், அதன் விரிசல்கள் பெரிதாகிவந்த நிலையில், 2010 மே 26 அன்று முழுவதுமாகச் சரிந்தது. 2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கத்திலேயே கிழக்குக் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ஏற்கெனவே விரிசல் கண்ட கட்டுக்கு மிதமான குலுக்கலே போதும். கோபுரங்களின் அதிர்வுப் பண்புகளை ஆராயும் முயற்சிகள் தமிழகத்தில் தொடங்கிவிட்டன. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கணினி மாதிரியாக்கிப் படித்திருக்கிறார்கள். அந்த ஆய்வை ஆற்றுத் தீவின் மண்ணோடு சேர்த்துச் செய்தால்தான் ஸ்ரீரங்கத்துக்கு விடை கிடைக்கும். தனித்த கோபுரத்துக்கு ஒரு காலம், அது நிற்கும் மண்ணுக்கு ஒரு காலம். இரண்டும் எவ்வளவு நெருங்குகின்றன என்பதே கேள்வி.

அளக்க வேண்டியவை

மண்ணை அளப்பது இன்று கடினமான வேலை அல்ல. அடுக்குமாடிக்கு அனுமதி வாங்கும்போது செய்யும் வழக்கமான மண் பரிசோதனையில், 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கைதான் என்-மதிப்பு. விதியின் பார்வையில் 30-க்கு மேல் போனால் உறுதியான தரை, 10-க்குக் கீழே வந்தால் தளர்மண். துளைபோடாமலேயே அலை வேகத்தை அறியவும் வழி உண்டு. தரையைச் சுத்தியலால் தட்டி, வரிசையாகப் பதித்த உணரிகளில் அலை வந்துசேரும் நேரத்தைக் கணக்கிடலாம். போக்குவரத்து அடங்கிய இரவில் ஒரே ஒரு கருவியை வைத்து, எப்போதும் இருக்கும் நுண் அதிர்வுகளைப் பதிவு செய்து மண்ணின் ஆட்டக் காலத்தைப் பிடிக்கும் முறையை ஜப்பானின் நகமுரா 1989-ல் பிரபலப்படுத்தினார். செலவு குறைந்த முறை அது, பழைய நகரத்தின் குறுகிய தெருக்களுக்கு ஏற்றது.

இப்படிக் கிடைப்பவற்றை வார்டு வாரியாக வரைந்தால் நுண்மண்டல வரைபடம் ஆகும். ஜபல்பூர், டெல்லி, பெங்களூரு போன்ற நகரங்களுக்கு இது உண்டு. தேசிய நில அதிர்வு மையம் கையிலெடுத்த நகரங்களில் சென்னையும் கோயம்புத்தூரும் இருக்கின்றன. திருச்சிக்குத் தேவையான ஆள்பலம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை தமிழகத்தின் நிலப்பிளவுக் கோடுகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. அடுக்குமாடிக்காரர்கள் ஏற்கெனவே போட்ட துளைகளின் அறிக்கைகளை மாநகராட்சி ஒரே இடத்தில் சேர்த்தாலே பாதி வரைபடம் தயாராகிவிடும். தூர்க்கப்பட்ட குளங்களும் வாய்க்கால்களும் பழைய நில அளவை வரைபடங்களில் இருக்கின்றன. அந்த இடங்களை முதலில் குறிக்க வேண்டும், ஏனெனில் நிரப்பிய மண்ணே எல்லாவற்றிலும் மோசமாக ஆடும்.

ஆற்றங்கரைகளுக்குத் தனிக் கவனம் தேவை. மண் இளகினால் கரை ஆற்றை நோக்கி நகரும். பாலத்தின் தூண்களையும் கரைச்சுவர்களையும் தள்ளும். கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன. படுகை தாழ்ந்து அடித்தளம் வெளியே தெரியும் தூண், அதிர்வுக்கும் அதே அளவு பலவீனமானது.

கடைசியாகக் குழாய்கள். 1906 சான் பிரான்சிஸ்கோ அதிர்வில் நிரப்பிய நிலத்தில் தண்ணீர்க் குழாய்கள் உடைந்ததால் தீயணைக்க வழியின்றி நகரம் எரிந்தது. குழாய்கள் அதிகம் முறிவது ஒரு வகைத் தரை முடிந்து இன்னொரு வகைத் தரை தொடங்கும் எல்லையில், ஏனெனில் இருபுறமும் வேறுவேறு அளவில் அசைகின்றன. காவிரி, கொள்ளிடப் படுகைக் கிணறுகளிலிருந்து புறப்படும் பெருங்குழாய்கள் மணலைக் கடந்து பாறைத்தரைக்கு ஏறும் இடங்களைக் கண்டறிந்து, அங்கே வளைந்து கொடுக்கும் இணைப்புகளையும் மூடுவதற்கான வால்வுகளையும் பொருத்துவதைக் குடிநீர்த் திட்டங்களின் வழக்கமான பராமரிப்பு வேலையோடு சேர்த்தே செய்துவிட முடியும்.